மருதமலை ரோடு லா காலேஜ்ல சீட் கெடைச்சும் யோசிக்கறீங்களா?

பொண்ணுக்கு கோயமுத்தூர் கவர்மென்ட் லா காலேஜ்ல அஞ்சு வருச கோர்ஸ் கெடைச்சும், "அங்க படிச்சு யாரு பெரிய ஆளானாங்க, பிரைவேட்ல சேத்துங்க"ன்னு சொந்தக்காரங்க சொல்றாங்கன்னு கேட்டிருந்தீங்க. அட விடுங்ணா.

அந்தக் காலேஜே 1979லதானுங்க வந்துச்சு, அதுக்கு முன்னாடி நம்மூர்ப்பக்கம் சட்டம் படிக்கோணும்னா பெரும்பாலும் மெட்ராசுக்கு ரயிலேறோணும். பொள்ளாச்சிப்பக்கத்துலருந்து போயி மத்திய அமைச்சரான சி. சுப்பிரமணியம் அப்படித்தான் மெட்ராஸ் லா காலேஜ்ல படிச்சாரு, பின்னாடி 1998ல பாரத ரத்னா. பவானிப்பக்கம் காடப்பநல்லூர் விவசாயக் குடும்பத்துல பொறந்த சதாசிவமும் மெட்ராஸ் கவர்மென்ட் லா காலேஜ்ல படிச்சவர்தான், 1973ல வக்கீலா பதிவு பண்ணி சரியா நாப்பது வருசம் கழிச்சு 2013ல சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி. ரெண்டு பேருமே பிரைவேட்ல கொட்டிக் குடுத்துப் படிக்கலீங்.

ஆனா இந்தப் பேரையெல்லாம் வெச்சு முடிவு பண்ணாதீங்க. எங்க படிச்சாலும் வக்கீலா தொழில் பண்ண பார் கவுன்சில்ல பதிவும் அகில இந்திய பார் தேர்வும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான், அதுக்கப்புறம் நல்ல சீனியர்கிட்ட ஜூனியரா சேர்றதுலதான் பொழப்பே இருக்கு, மொத ரெண்டு மூணு வருசம் கைக்காசு போட்டுத்தான் ஓட்டோணும், பிரைவேட்டுக்குக் கட்டற லட்சத்த அப்பத்திக்கு எடுத்து வைங்க. கலெக்டர் ஆபீஸ் பக்கத்துலயே கோர்ட்டு, பஸ்ஸேறுனா போயிரலாம், மூணாவது வருசத்துலருந்தே போய் உக்காந்து கேஸ் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் பாப்பா ஆறாவதுலருந்து கவர்மென்ட் ஸ்கூலா? அப்படின்னா கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைகளுக்கான 7.5% ஒதுக்கீட்டுல சீட் வந்துச்சான்னு அலாட்மென்ட் ஆர்டர்ல பாருங்க, ஃபீஸ் விசயம் அதுல மாறும்.