தமிழ்ப் பட்டியலை உருட்டினால் திரை திணறுகிறது, ஆங்கிலத்தில் சரியாக ஓடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு மாற்றினால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. கார்டுக்குக் காசு போடும் முன் நேரம் எங்கே போகிறது என்று ப்ரொஃபைலரில் (நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் கருவி) பாருங்கள்.

பாம்பன், மண்டபம் பக்கத்து மீன் வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன். க்யூட் (Qt) என்ற திரை இடைமுக நூலகத்தில் எழுதியது. கடைகளில் இருப்பதெல்லாம் பழைய கம்ப்யூட்டர்கள். ஏலம் முடிந்து படகுவாரிப் பட்டியலை உருட்டினால் அங்கேயும் இதே திணறல்தான். "தமிழ்னா இப்படித்தான்" என்று அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

கொடுவா என்ற மீன் பெயரையே எடுங்கள். நினைவகத்தில் அது ஆறு குறியீடு: க, ொ, ட, ு, வ, ா. அப்படியே வரைய முடியாது. ஹார்ஃப்பஸ் (HarfBuzz) போன்ற நூலகம் ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னால் கொண்டுபோய், டகரத்தையும் உகரக் குறியையும் 'டு' என்று ஒரே உருவமாக்க வேண்டும். பிரிப்பதும் இடம் மாற்றுவதும் நூலகமே அறிந்த விதிப்படி, 'டு' ஆக்குவது எழுத்துருவுக்குள் இருக்கும் விதி அட்டவணைகளைப் பார்த்து நடக்கிறது. இதுதான் ஷேப்பிங், கார்டு அல்ல, ப்ராசஸர் செய்யும் வேலை. ஆங்கிலத்துக்கு இதில் வேலை குறைவு.

உருவத்தைத் திரைப் புள்ளிகளாக்குவது ஃப்ரீடைப் (FreeType) போன்ற நூலகங்களின் வேலை. ஒருமுறை ஆக்கியது கேஷில் (மறுபடி எடுக்கச் சேர்த்து வைக்கும் நினைவிடம்) தங்கிவிடும். சீனத்தைப் போலத் தமிழுக்கு ஆயிரக்கணக்கில் உருவங்கள் வேண்டியதில்லை என்பதால் கேஷும் நிரம்பாது. கார்டு கைகொடுக்கக்கூடிய இடத்தில் தமிழுக்குப் பெரிய தொல்லையே இல்லை.

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையை ஒருமுறை புதிதாக வரைவதற்கு, கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். அதற்குள் கண்ணில் படும் எல்லா வரிகளையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் புதிதாக ஷேப் செய்தால் திணறத்தான் செய்யும். ஆகவே ஷேப் செய்த முடிவைச் சேமித்து வையுங்கள். சீலா, நெத்திலி, சூடை, கணவாய் என்று பெயர்கள் திரும்பத் திரும்பத்தானே வருகின்றன? வரிக்கு ஒன்று வேண்டாம், பெயருக்கு ஒன்று போதும். க்யூட்டில் க்யூஸ்டாட்டிக்டெக்ஸ்ட் (QStaticText) இதற்கென்றே இருக்கிறது. பெயரைச் சாவியாக வைத்து ஒரு ஹாஷில் (சாவியைக் கொடுத்தால் உடனே எடுத்துத் தரும் அட்டவணை) போடுங்கள். ஜிடிகே (GTK) என்ற இன்னொரு இடைமுக நூலகத்தில் எழுதினால், பேங்கோலேயவுட்டை (PangoLayout) ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்காமல் கையில் வைத்திருங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் ப்ரீகம்ப்யூட்டட்டெக்ஸ்ட் (PrecomputedText) உண்டு, பின்னணி த்ரெட்டிலேயே கணக்கிட்டுவிடலாம். எடை, விலை போன்ற எண்களை விட்டுவிடுங்கள். அவை மாறிக்கொண்டே இருக்கும், ஷேப்பிங் செலவும் சொற்பம்.

க்யூட்டின் பட்டியல் காட்டும் க்யூட்ரீவியூ (QTreeView) பயன்படுத்தினால் எல்லா வரிக்கும் ஒரே உயரம் என்று யூனிஃபார்ம்ரோஹைட்ஸ் (uniformRowHeights) மூலம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உயரம் பார்ப்பதற்காகவே எழுத்தை அளந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று, பலரும் பார்க்கத் தவறுவது: நீங்கள் குறிப்பிட்ட எழுத்துருவில் தமிழ் இருக்கிறதா? இல்லையென்றால் டூல்கிட் (க்யூட், ஜிடிகே போன்ற இடைமுக நூலகம்) மாற்று எழுத்துருவைத் தேடிப் போகும், அது தனிச் செலவு. தமிழ் உள்ள எழுத்துருவின் பெயரை நேரடியாகக் கொடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழை மென்பொருளோடு சேர்த்தே அனுப்ப அதன் உரிமம் இடம் தருகிறது. நான் அப்படித்தான் அனுப்புகிறேன்.