பட்டறை எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்பது வயது. விடுமுறையில் அவனையும் அவன் தங்கையையும் ஓர் அறிவியல் மையத்துக்கு அழைத்துப்போனோம். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம், இயக்கிப் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் அவன் எதன் முன்னாலும் நிற்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்திவிட்டு அடுத்ததற்கு ஓடினான். பாதிப் பொத்தான்கள் வேலை செய்யவும் இல்லை. நான் பலகைகளை வாசித்துக் காட்டினேன், காது கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் "பந்து பறந்துச்சு" என்கிறான். இப்படிப்பட்ட இடங்களால் உண்மையில் பயன் உண்டா? பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் நன்றாக இருக்கும் என்கிறார்கள், போகலாமா? பின்னால் நீட் போன்ற தேர்வுகளுக்கு இதெல்லாம் உதவுமா? எதிலும் கவனம் இல்லை. போன வாரம் டிவி ரிமோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டான். அதனால்தான் கேட்கிறேன்.

எஸ்., தாம்பரம்

அன்புள்ள எஸ்.,

'பாதிப் பொத்தான்கள் வேலை செய்யவும் இல்லை' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். கொஞ்ச நாளாக எனக்கு அதே நினைப்புதான். அந்த வரி இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

நீட்டுக்கு உதவாது. அதை விடுங்கள்.

ஓடினான் என்றால் ஓடட்டும். முதல் முறை உள்ளே நுழையும் குழந்தை அப்படித்தான் செய்யும். என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே எங்கே நிற்பது என்று முடிவு செய்ய முடியும்? அந்தப் பலகைகளை வாசித்துக் காட்டியதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுத் தப்பித்து வந்த பிள்ளையைப் பின்னாலேயே பாடப்புத்தகத்தோடு துரத்தியிருக்கிறீர்கள். போதாததற்கு வீட்டுக்கு வந்ததும் பரீட்சை வேறு. "பந்து பறந்துச்சு" என்று சொல்லியிருக்கிறான். நல்ல பதில். எந்தப் பந்து, எப்படிப் பறந்தது, ஏன் கீழே விழவில்லை என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டால் உங்களுக்கும் அதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பந்தை எனக்குத் தெரியும். அநேகமாக எல்லா அறிவியல் மையத்திலும் இருக்கும். கீழேயிருந்து காற்று பீய்ச்சி அடிக்கும், அதன்மேல் பந்து அந்தரத்தில் நிற்கும். பக்கத்தில் பெர்னூலி தத்துவம் என்று ஒரு பலகை. சில வருடங்களுக்கு முன் ஒரு மையத்தில் அது ஓடவில்லை. டெக்னீஷியன் ஒருவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பக்கத்து மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நடுத்தர வயது, சட்டைப் பையில் டெஸ்டர். உள்ளே ஐஸ்கிரீம் குச்சி, ஹேர்பின், கடலைத் தோல், யாரோ செருகிய நுழைவுச்சீட்டு. அவரைச் சுற்றி ஒரு கூட்டம் பிள்ளைகள். மற்றப் பொருட்களெல்லாம் ஆளில்லாமல் கிடந்தன. கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு பையன் உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். அவனையும் கவனமில்லாதவன் என்று யாராவது சொல்லியிருக்கக்கூடும்.

மோட்டாரைத் துடைத்து மாட்டிவிட்டு அவர் குழாயைக் கையிலேயே பிடித்துக்கொண்டார். பந்தை வைத்தார், நின்றது. குழாயைச் சாய்த்தார். பந்து காற்றோடு சாய்ந்துபோய் அப்படியே நின்றது, விழவில்லை. ஒரு பெண் ஏன் என்று கேட்டாள். "பந்து ஓரமா போனா காத்து அதைச் சுத்தி வளைஞ்சு வெளிப்பக்கம் போகுது பாரு, கையை வை. காத்து அந்தப் பக்கம் போனா பந்து இந்தப் பக்கம் வரும்." அவள் கையை வைத்துப் பார்த்தாள். காற்று வளைந்து வெளியே வருவது கைக்குத் தெரிந்தது, முகத்திலேயே தெரிந்தது. பலகையில் இருந்ததைவிடச் சரியான விளக்கம் அதுதான். வேகமான காற்றில் அழுத்தம் குறைவு என்று மொட்டையாக எழுதிவைத்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

அன்றைக்கு எனக்கு ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் ஞாபகம் வந்தார். அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. இவரும் இயற்பியலாளர், அந்தத் திட்டத்தில் வேலை பார்த்தவர். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததற்காக 1949-ல் மின்னசோட்டா பல்கலைக்கழக வேலை போயிற்று. வேறு எந்தப் பல்கலைக்கழகமும் சேர்த்துக்கொள்ளவில்லை. கொலராடோவில் நிலம் வாங்கி மாடு வளர்த்தார். 1957-ல் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில் பள்ளி ஆசிரியரானார். பையன்களைக் குப்பைமேட்டுக்கு அழைத்துப்போய், அங்கே கிடந்த பழைய கார் பாகங்களை வைத்து வெப்பமும் மின்சாரமும் நடத்தினார். ஆராய்ச்சிக்கூடத்திலேயே இருந்திருந்தால் இது தோன்றியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். பத்து வருடம் பண்ணையில் காலம் தள்ளியவனுக்குத்தான், கெட்டுப்போன பொருள்தான் பாடம் என்பது தெரியும்.

1969-ல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்புளோரடோரியம் என்ற அறிவியல் மையத்தை ஆரம்பித்தார். 1915-ல் நடந்த உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ஒரு மண்டபம், பெரிய கூடம். திறப்பு விழா கிடையாது. கதவைத் திறந்து வைத்தார், அவ்வளவுதான். (நம் ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.) அவர் பட்டறையைப் பின்கட்டில் ஒளித்து வைக்கவில்லை. வாசலுக்குப் பக்கத்திலேயே, வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்தார். லேத் ஓடும், வெல்டிங் நடக்கும், உள்ளே வரும் குழந்தை முதலில் அதைப் பார்க்கும். அரைகுறையாகச் செய்த ஒன்றைக் கூடத்தில் கொண்டுவந்து வைப்பார்கள், ஜனங்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பார்கள், திரும்ப எடுத்துப்போய் மாற்றுவார்கள். செய்முறைகளைச் சமையல் குறிப்பு மாதிரி புத்தகமாகவே போட்டார்கள், உலகத்தில் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று. 2013-ல் 15-ஆம் எண் படகுத்துறைக்கு இடம் மாறினார்கள். அங்கேயும் பட்டறை கண்ணில் படுகிற இடத்தில்தான்.

நம்மவர்களுக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். கொல்கத்தா பிர்லா அருங்காட்சியகம் 1959-லேயே வந்துவிட்டது. 1965-ல் அங்கிருந்து காட்சிப்பொருட்களைப் பேருந்தில் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்துச் சாலையில் ஒரு நாள் ஓடினால் ஏதாவது ஒன்று கழன்றிருக்கும். கூடவே மாட்டத் தெரிந்த ஆளும் போயிருக்க வேண்டும். 1978-ல் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் மன்றம் தனியாக அமைந்தது. 1987-ல் அதன் மையம் திருநெல்வேலி வரைக்கும் வந்தது. சொந்தப் பட்டறையில் தாங்களே செய்வது அவர்கள் வழக்கம். அந்த வழக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே பொத்தான் வேலை செய்யும்.

மற்ற இடங்களில் என்ன நடக்கிறது? டெண்டர் விடுவார்கள். யாரோ செய்து கொண்டுவந்து மாட்டுவார்கள். பராமரிப்பு ஒப்பந்தம் முடியும். முதலில் ஸ்பிரிங் போகும், அப்புறம் பேரிங். கைப்பிடியை வலப்பக்கம் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள், பிள்ளைகள் இரண்டு பக்கமும் சுற்றுவார்கள், தொங்குவார்கள், இரண்டு பேராக ஏறி உட்காருவார்கள். அதைத் தாங்காத கைப்பிடியைச் செய்தவன்மேல்தான் குற்றம். ஆனால் நம் ஊரில் 'பழுது' என்று ஒரு தாளை ஒட்டுவார்கள். அந்தத் தாள் பழுப்பேறும். ஒரு நாள் கண்ணாடிக் கூண்டு போட்டு மூடிவிடுவார்கள். கட்டிடத்துக்குக் கோடிகள் ஒதுக்குகிறவர்களிடம் ஒரு ஃபிட்டர் வேலையிடம் கேட்டுப் பாருங்கள், கோப்பு எத்தனை மேஜை சுற்றும் என்று தெரியும். குழந்தை உடைத்துவிட்டது என்கிறார்கள். உடைக்கத்தானே ஐயா வைத்திருக்கிறீர்கள்! உடையாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும், யாருமே தொடவில்லை என்று அர்த்தம்.

பெங்களூருக்குப் போங்கள். கப்பன் பூங்காவை ஒட்டி இருக்கிறது, ரைட் சகோதரர்களின் விமானத்தை முழு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு முழு நாள் வேண்டும்.

ஆனால் நீங்கள் கடிதத்தின் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியதைக் கடைசியில், அதுவும் புகாராக எழுதியிருக்கிறீர்கள். ரிமோட்டைக் கழற்றினானா? எப்படிக் கழற்றினான்? பேட்டரி மூடிக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூவைக் கண்டுபிடித்தானா, இல்லை ஓரத்தில் நெம்பித் திறந்தானா? திட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டிருக்கலாம்.

இன்று சாயங்காலம் அவனோடு உட்காருங்கள். ரப்பர் தாளைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கும். அது கார்பன், மின்சாரம் கடத்தும். அடியில் உள்ள பச்சை அட்டையில் இரண்டு சீப்புகளைக் கோத்த மாதிரிக் கோடுகள், ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். பொத்தானை அழுத்தினால் பொட்டு அந்த இரண்டையும் சேர்க்கிறது. அங்கே அழுக்குப் படிந்தால் பொத்தான் வேலை செய்யாது. உலர்ந்த பஞ்சால் மெதுவாகத் துடைக்கச் சொல்லுங்கள். மூடி மாட்டிய பிறகு, முன்னால் இருக்கும் சின்ன விளக்கைப் போனின் செல்ஃபி கேமராவுக்கு நேராகப் பிடித்து அழுத்தட்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பல போன்களின் திரையில் வெளிறிய ஊதாவாக மின்னும். நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு நல்ல ஸ்க்ரூ டிரைவர் செட் வாங்கிக் கொடுங்கள், ஓடாத பொம்மை, பழைய சுவர்க்கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு அவனிடம் விடுங்கள். தங்கைக்கும் அதில் பங்கு உண்டு, அவளைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பிளக்கில் செருகும் எதையும் தொடக்கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பழைய டிவி, சார்ஜர், போன் பேட்டரி கூடவே கூடாது. மிக்ஸியை எடுத்து மேலே வையுங்கள்.