முழங்கை மடிப்பில் ஒரு துடிப்பு

கேள்வி: எனக்கு 34 வயது. ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது என் இடது முழங்கை மடிப்பைத் தொட்டுப் பார்த்த நர்ஸ், "இது துடிக்குதேம்மா!" என்று வலது கையில் ரத்தம் எடுத்தார். உற்றுப் பார்த்தால் தோலுக்கடியில் துடிப்பது தெரிகிறது. சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, வலி இல்லை. அடைப்பா டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த நர்ஸுக்கு என் சார்பில் ஒரு நன்றி சொல்லுங்கள் அம்மா. பட்டையைக் கட்டியதும் ஊசியை எடுப்பவர்களே அதிகம்.

அடைப்பு என்றால் துடிப்பு குறையும்; தோலுக்கடியில் புதிதாகக் கிளம்பாது. பெரும்பாலானவர்களுக்குப் புயத்தில் இறங்கும் பிரேக்கியல் தமனி, முழங்கை தாண்டியதும் ரேடியல், அல்னார் என இரண்டாகப் பிரியும். அல்னார் தசைகளுக்கு அடியில் புகுந்து சுண்டுவிரல் பக்கம் போகும். சிலருக்கு அது புயத்திலேயே பிரிந்து, தசைகளுக்கு மேலாகத் தோலை ஒட்டி ஓடும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ரேடியல் மேலேயே பிரிவது இன்னும் சகஜம்: 1953-இல் மெக்கார்மக் குழுவினர் வெளியிட்ட 750 கைகளின் கணக்கில் அது சுமார் 14 சதவீதம். கருவில் கைக்குள் வலைபோல் குழாய்கள் கிளம்பும். சில பெருத்து நிலைக்கும், மற்றவை மறையும். நிலைத்த வழி ஆளுக்கு ஆள் மாறுகிறது.

நான் உடற்கூறியல் நடத்திய காலத்தில், இறந்த உடலை அறுத்துப் படிக்கும் மேசையில் ஒரு மாணவி இப்படியொரு குழாயைச் சிரை என்று எண்ணி வெட்டப் போனாள். "விரலிடுக்கில் உருட்டிப் பாரம்மா" என்றேன். சிரை தட்டையாக நசுங்கும். இது கயிறுபோல் உருண்டது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, அக்குள் வரை அதைப் பிரித்துக்கொண்டே போனாள். அன்று வேறு பாடம் நடக்கவில்லை!

உயிருள்ள கையில் இதே குழப்பம் வந்தால் ஆபத்து. சிரை என்று நினைத்துத் தமனிக்குள் மருந்தைச் செலுத்தினால், மருந்தைப் பொறுத்து விரல்கள் கருத்து அழுகும் அளவுக்குப் போகலாம். அதனால் டிரிப் போடும்போதும், மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்யும்போதும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேஸ் ஷீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். மறு கையிலும் தொட்டுப் பாருங்கள். இரண்டு கையும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை ஒருமுறை எடுத்து உறுதி செய்துகொள்வது நல்லது. துடிப்போடு வீக்கமோ, தொட்டால் 'கிர்'ரென்ற அதிர்வோ இருந்தால் மட்டும் ரத்தக்குழாய் அறுவை நிபுணரைத் தாமதிக்காமல் பாருங்கள்.