பெனால்டியைத் தவறவிட்ட மகனுக்கு 'மைண்ட் பவர்' முகாம் தேவையா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது. பயிற்சியில் நன்றாக ஆடுவான். மாவட்டப் போட்டியில் ஒரு பெனால்டியை வெளியே அடித்துவிட்டான். அதிலிருந்து ஆட்டம் இருக்கும் நாளில் காலையிலேயே வாந்தி எடுக்கிறான். ஆடும்போது ஒரு தவறு செய்துவிட்டால் அப்புறம் பந்தையே கேட்பதில்லை. ஒருவர் வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் 'மைண்ட் பவர்' முகாம், 1,800 ரிங்கிட், முடித்தால் மாநில அணித் தேர்வுக்குப் பெயர் கொடுக்கிறேன் என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

காற்பந்தில் மனப்பயிற்சியும் பந்தை நிறுத்தப் பழகுவது போலத்தான். வாரத்தில் நான்கு நாள், பத்து பத்து நிமிடம், அதுவும் திடலில் நடக்க வேண்டும். ஓட்டல் மண்டபத்தில் கைதட்டி, கத்தி, அழுது முடிக்கும் இரண்டு நாளின் சூடு அடுத்த ஆட்டம் வரைகூடத் தாங்காது. ஆலோசகர் (கவுன்சலர்) என்று தொழில் செய்பவர் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். 'மைண்ட் கோச்' என்று அட்டை அடித்துக்கொள்ள எந்தப் பதிவும் வேண்டாம், அதனால்தான் இவர்கள் அந்தப் பெயரில் வருகிறார்கள். தேர்வுக்குப் பெயர் கொடுப்பேன் என்பது இன்னும் மோசம். பகாங் மாநிலத்தின் கம்பாங்கில் இருக்கும் தேசியக் காற்பந்துப் பயிற்சிக்கூடமான மொக்தார் டஹாரி அகாடமி ஆகட்டும், மாநில அணி ஆகட்டும், பையன் திடலில் ஆடிக் காட்டித்தான் உள்ளே போக முடியும். என்னிடம் வந்த ஒரு குடும்பம் இப்படி ஒருவரை நம்பித் தாலிக்கொடியை அடகு வைத்தது. கையில் மிஞ்சியது ஒரு சான்றிதழும் ஒரு டி-சட்டையும்தான்.

சரி, பெனால்டிக்கு வருவோம். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பெரிய போட்டிகளின் பெனால்டிகளை வீடியோவில் போட்டுப் பார்த்தார். பதற்றத்தில் இருப்பவர் கோல்கீப்பருக்கு முதுகைக் காட்டிப் பின்னால் நடக்கிறார். விசில் ஊதியதும், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று ஓடிப்போய் அடிக்கிறார். அப்படி அவசரப்படுபவர்கள்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். விசில் ஊதிய அதே நொடியில் அடித்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் மகன் பந்தைத் தன் கையாலேயே வைக்கட்டும். முகத்தைத் திருப்பாமல் பின்னால் நடந்து, அடிக்கப்போகும் மூலையை முடிவு செய்யட்டும். விசில் வந்ததும் ஒரு மூச்சை நீளமாக வெளியே விட்டுவிட்டு ஓடட்டும். ஒவ்வொரு முறையும் இதே வரிசை, மாற்றவே கூடாது.

இதைப் பயிற்சியின் கடைசியில், களைத்துப்போய் நிற்கும்போது செய்யச் சொல்லுங்கள். ஒரே ஒரு அடிதான். பின்னால் கூட்டாளிகள் நின்று சத்தம் போடட்டும். வரிசையாக இருபது பந்து அடித்துப் பழகுவதால் பெரிய பயன் இல்லை, ஆட்டத்தில் இரண்டாவது பந்து கிடைக்காது. தவறவிட்டால் திடலைச் சுற்றி ஓடவிடும் பழக்கம் நம் பயிற்றுநர்கள் பலருக்கு உண்டு. அதை நிறுத்தச் சொல்லுங்கள், அது பயத்தைத்தான் வளர்க்கும்.

தவறுக்குப் பிறகு ஒளிந்துகொள்வதற்கும் வழி இதே மாதிரிதான். காலுறையை மேலே இழுத்துவிட்டு, 'அடுத்த பந்து' என்று தனக்குள் சொல்லி, உடனே பந்து கேட்டு ஓட வேண்டும். முதலில் பயிற்சியில் பழகட்டும்.

இன்னொன்று. நீங்கள் கோட்டோரம் நின்று கத்துகிறீர்களா என்று எழுதவில்லை. கத்துபவரானால் அடுத்த மூன்று ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கம் போய் உட்காருங்கள். திரும்பும் வழியில் மோட்டாரில் ஆட்டத்தைப் பற்றி அவனாகப் பேசினால் பேசுங்கள்.

வாந்தி விஷயம் மட்டும் வேறு. ஆட்டத்துக்கு முன் வயிறு கலக்குவது பெரிய ஆட்டக்காரர்களுக்கும் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஆட்டமே இல்லாத நாளில் வாந்தி எடுக்கிறானா? இரவில் தூக்கம் கெடுகிறதா? பள்ளிக்குப் போகவே மறுக்கிறானா? இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் நான் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அது காற்பந்துப் பிரச்சினை இல்லை. அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். வயிற்றில் கோளாறு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அதே வாரம் பள்ளியின் ஆலோசனை ஆசிரியரையும் பாருங்கள். கட்டொழுங்கு வழக்குகளையும் படிவம் நிரப்பும் வேலைகளையும் அவர் தலையில் கட்டிவைத்திருக்கிறார்கள். மாவட்டப் போட்டியில் உடைந்துபோகும் பிள்ளையைக் கவனிக்க ஆள் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போட்டி நடத்துபவர்களும் வருடத்தில் சில நாளில் போட்டியை நடத்தி, கோப்பையைக் கொடுத்துப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எத்தனை ஆண்டாகச் சொல்கிறேன்! ஆகவே ஆலோசனை ஆசிரியர் கூப்பிடுவார் என்று காத்திருக்காமல், நேரில் போய் நேரம் வாங்கி வாருங்கள். மகனையும் கூட அழைத்துப் போங்கள்.