‘ரோமன் ஹாலிடே’ படத்தில் வரும் ரோமை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியும், அந்த நாள் சனிக்கிழமையாக இருந்தால்.

காரணம் கடைசிக் காட்சி. இளவரசியாக வரும் ஆட்ரி ஹெப்பர்ன் பத்திரிகையாளர்களுக்குக் கைகொடுத்து விடைபெறும் அந்தக் கூடம், கொலோன்னா அரண்மனையின் ஓவியக் கூடம். இன்றும் கொலோன்னா குடும்பத்தின் சொத்துதான். வழிகாட்டி இல்லாமல் நாமாகப் போய்ப் பார்க்கச் சனிக்கிழமை காலையைத்தான் நம்ப வேண்டும். மதியத்துக்குப் பிறகு போய் நின்றால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். ஆகவே மற்ற எல்லாவற்றையும் இதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் வரிசையில் ஊரைச் சுற்றக் கிளம்பாதீர்கள். 1953-ல் வந்த அந்தப் படம் முழுக்க ரோமிலேயே எடுக்கப்பட்டது என்றாலும், கதையில் அடுத்தடுத்து வரும் இடங்கள் ஊரில் அடுத்தடுத்து இல்லை. படத்தில் இளவரசி தங்கும் தூதரகத்தின் வெளிவாசல் பார்பெரினி அரண்மனை. உள்ளறைகள் பிரான்காச்சோ அரண்மனை. ஒரே கட்டடமாகத் தெரியும் இரண்டுக்கும் நடுவே இருபது நிமிட நடை.

காலை ஆறரை மணிக்கு, மெட்ரோ ஏ வழித்தடத்தில் பார்பெரினி நிலையத்தில் இறங்கித் திரெவி நீரூற்றுக்கு நடந்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் அங்கே தண்ணீரைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். குளத்தின் ஓரம் இறங்குவதற்கும் ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. இளவரசி முடி வெட்டிக்கொண்ட கடை பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் இப்போது சலூன் இல்லை, தேடி அலைய வேண்டாம். அங்கிருந்து பத்து நிமிடத்தில் ஸ்பானியப் படிக்கட்டு. இன்னும் சில நிமிடம் நடந்தால் மார்குத்தா தெரு, 51-ஆம் எண்: இளவரசியோடு ஊர் சுற்றும் நிருபராக வரும் கிரிகரி பெக்கின் அறை இருந்த வீடு. ஆட்கள் குடியிருக்கும் இடம் என்பதால் வாசலோடு நின்றுகொள்வதுதான் மரியாதை. கொடிகள் தொங்கும் அந்தத் தெருவே போதும்.

பிறகு கொலோன்னா. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கூடத்தின் படிகளில் ஒரு பீரங்கிக் குண்டு கிடக்கும். 1849 முற்றுகையில் பிரெஞ்சுப் படை சுட்டு வந்து விழுந்தது, எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அடுத்து கம்பிதோலியோ குன்றின் பின்புறம் போனால், இளவரசி தூங்கிக்கொண்டிருந்த செப்டிமியஸ் செவரஸ் வளைவு காலடியில் தெரியும். கட்டணமே இல்லை. கொலோசியத்தின் உள்ளே போவதை இந்த நாளில் சேர்க்காதீர்கள். டிக்கெட்டில் பெயர் அச்சாகியிருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்ப்பார்கள், நேரம் தவறினால் பணம் போச்சு. அதற்கு வேறு நாள்.

குன்றிலிருந்து பத்து நிமிடம் இறங்கினால் ‘உண்மையின் வாய்’. சாந்தா மரியா இன் கோஸ்மெதின் தேவாலயத்தின் முன்மண்டபச் சுவரில் சாய்த்து வைத்த பளிங்கு வட்டம், குறுக்களவு சுமார் 1.75 மீட்டர். பழங்காலச் சாக்கடை மூடியாக இருந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. பொய் சொல்பவர் கையைக் கடித்துவிடும் என்ற நம்பிக்கை பின்னால் ஏறியது. படத்தில் அந்த வாய்க்குள் விட்ட கையைப் பெக் கோட்டுக் கைக்குள் மறைத்த குறும்பு ஹெப்பர்னுக்கு முன்கூட்டித் தெரியாது, அந்த அலறல் நடிப்பில்லை. உங்களுக்குக் கிடைப்பது வரிசையில் நின்று, சிறு காணிக்கை போட்டு, ஒரு படம் எடுக்கும் நேரம்தான். மாலை ஆறுக்குள் மூடிவிடுவார்கள்.

எல்லோரும் கேட்பது, படத்தில் இருவரும் சுற்றும் வெஸ்பா ஸ்கூட்டர். நேர்மையாகச் சொன்னால், இந்தியச் சாலையில் பல வருடம் ஓட்டியவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி வலப்பக்கம் போக வேண்டும். தெருவில் பதித்த ‘சம்பியெத்ரீனி’ கருங்கற்கள் தேய்ந்து வழவழப்பானவை. தூறல் விழுந்தால் முன்சக்கரம் வழுக்கும். அதோடு டிராம் தண்டவாளம் வேறு. கார் ஓட்டும் உரிமம் மட்டும் இருந்தால் 125 சிசி வண்டிக்குச் செல்லாது; கியர் பைக்குக்கான அனுமதியும், ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். படத்தில் இல்லாத ஹெல்மெட் இப்போது கட்டாயம். ஆசை விடவில்லை என்றால் ஓட்டுநரோடு வரும் வெஸ்பா சுற்றுலாவில் பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இன்னொரு ஆசையும் நடக்காது. ஹெப்பர்ன் போல ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டால் அபராதம் 250 யூரோவில் தொடங்கும். 2019-லிருந்து அங்கே உட்காரவே தடை. ஜெலாத்தோ என்ற இத்தாலிய ஐஸ்கிரீமை வேறெங்காவது சாப்பிடுங்கள். மலைபோல் குவித்து, பளீர்ப் பச்சையில் பிஸ்தா வைத்திருக்கும் கடையைத் தாண்டிப் போங்கள். நல்ல பிஸ்தா மங்கலான பழுப்புப் பச்சையில்தான் இருக்கும். காபியைக் கவுன்ட்டரில் நின்றே குடியுங்கள். அதே காபிக்கு மேசையில் உட்கார்ந்தால் சுற்றுலா இடங்களில் சில மடங்கு விலை. தண்ணீர் வாங்க வேண்டாம், தெருவோர ‘நசோனி’ குழாய்களில் வருவது குடிநீர்.

ஜூலை, ஆகஸ்டைத் தவிருங்கள். ஏப்ரல் கடைசியோ அக்டோபரோ நல்லது. 1994-ல் வந்த நம் ‘மே மாதம்’ படத்தில் இதே கதையின் சாயலைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சென்னை வெயில் அளவுக்கு இல்லாவிட்டாலும் ரோமின் ஆகஸ்ட் வெயிலும் கடுமைதான், நிழலும் குறைவு.

மாலையில் ஆற்றோரமாக நாற்பது நிமிடம் நடந்தால் சந்த் ஆஞ்செலோ கோட்டை. நடனமும் சண்டையும் நடந்த படகு கோட்டைக்குக் கீழேதான் நின்றது. இப்போது அங்கே படகு இல்லை. 1870 வெள்ளத்துக்குப் பிறகு எழுப்பிய உயரமான கரைச்சுவரால் தெருவிலிருந்து பார்த்தால் அந்த இடம் பிடிபடாது. பாலத்தருகே படி வழியாக நீர்மட்டத்துக்கு இறங்கித் திரும்பிப் பார்த்தால்தான் படத்தில் பார்த்த கோணம் கிடைக்கும். மழைக்காலத்தில் ஆறு ஏறியிருந்தால் கீழே இறங்காதீர்கள், பாலத்திலேயே நின்றுகொள்ளுங்கள்.