எஸ்டிமேட்டில் இல்லாத மழை

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் காலநிலை மாற்றம் பற்றி ஒரே ஒரு பதில் எழுதினேன், தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் கேள்விகள் குவிந்துவிட்டன. "பனிப்பாறை உருகுவதெல்லாம் இருக்கட்டும் சார், எங்கள் ஊர் நகராட்சி என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க" என்பதுதான் பெரும்பாலானவற்றின் சாரம். நியாயமான கோபம். இந்தத் தடவை முழுக்க அதுதான்.

காலநிலைக்கென்று அரசு இயக்கம் இருக்கிறது, கம்பெனி இருக்கிறது, முதல்வர் தலைமையில் குழுவும் இருக்கிறது என்கிறார்கள். அப்புறம் ஏன் ஒவ்வொரு ஐப்பசியிலும் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

டீச்சர், நீங்கள் சொன்ன எல்லாமே நிஜமாகவே இருக்கின்றன. 2008 ஜூனில் மத்திய அரசு எட்டு இயக்கங்களோடு ஒரு தேசியச் செயல் திட்டம் போட்டது, அதைத் தொடர்ந்து மாநிலங்களும் ஆளுக்கொன்று போட்டன. தமிழ்நாட்டில் பசுமைக் காலநிலை நிறுவனம் என்று தனி அரசு கம்பெனியே உண்டு. 2022-ல் முதல்வர் தலைமையில் நிர்வாகக் குழு வந்தது, அந்த வருஷக் கடைசியில் காலநிலை மாற்ற இயக்கமும் தொடங்கியது. மாவட்டத்தில் கலெக்டர்தான் அதன் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். அமைப்பு என்ற அளவில் குறை சொல்ல முடியாது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் உங்கள் தெருவில் தண்ணீர் நிற்குமா வடியுமா என்பது இவர்கள் யார் கையிலும் இல்லை. நகராட்சி இன்ஜினீயர் மேஜையில் கிடக்கிற எஸ்டிமேட்டில் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். ஏரிக் கலுங்கிலிருந்து உபரி நீர் போகிற வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு சாலை. சில வருஷங்களுக்கு முன்பு சாலையை இடுப்பளவு உயர்த்தி, வாய்க்கால் கடக்கிற இடத்தில் இரண்டு சிமெண்ட் குழாய்களைப் புதைத்தார்கள். தினமும் டீ குடிக்கப் போகும்போது நின்று வேடிக்கை பார்த்தவன் என்ற உரிமையில், "இது எவ்வளவு மழைக்குத் தாங்கும்?" என்று அங்கே நின்ற இன்ஜினீயரிடம் கேட்டேன். மனிதர் கோபப்படவில்லை. "பழைய பாலத்துல ரெண்டு குழாய் சார், அதனால இதுலயும் ரெண்டு. மூணாப் போட்டா எஸ்டிமேட் ஏறும், ஆடிட்ல ஏன்னு கேப்பாங்க" என்றார். அடுத்த கார்த்திகையில் சாலையே ஏரிக்கரை மாதிரி நின்றுகொண்டது, மேற்கே இருந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, ராத்திரியோடு ராத்திரியாக ஜே.சி.பி. கொண்டுவந்து ஊர்க்காரர்களே சாலையை வெட்டிவிட்டார்கள். பிறகு ஒட்டுப் போட்டார்கள், அந்த இடத்தில் மட்டும் தார் இன்றைக்கும் வேறு நிறம்.

அந்த இன்ஜினீயரைக் குறை சொல்லமாட்டேன். மூன்றாவது குழாய் போட்டால் காரணம் கேட்க ஆள் இருக்கிறது, போடாமல் விட்டால் கேட்க ஆள் இல்லை. எந்த வருஷத்து மழைக் கணக்கை வைத்து இந்த அளவு போட்டாய், கடைசி இருபது வருஷ மழையைப் பார்த்தாயா என்று எஸ்டிமேட் படிவத்திலேயே ஒரு கேள்வி வந்து, அதற்குப் பதில் எழுதாமல் ஃபைல் நகராது என்று வைத்துப் பாருங்கள். அரசுத் திட்டமிடலில் காலநிலையைச் சேர்ப்பது என்று பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் நடைமுறையில் இவ்வளவுதான். தனித் துறை வருஷத்துக்கு நாலு கருத்தரங்கு நடத்தலாம், குழாயின் விட்டத்தை அதனால் மாற்ற முடியாது.

தூத்துக்குடி மாவட்டத்தில் 2023 டிசம்பரில் கொட்டிய மாதிரி கொட்டினால் எந்த வடிகால் தாங்கும்? சும்மா திட்டம், திட்டம் என்று பேசி என்ன பயன்?
– வியாபாரி, திருச்செந்தூர்

எதுவும் தாங்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது, உங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். 2015 டிசம்பரில் சென்னையை முழுக வைத்த அன்று தாம்பரத்தில் பெய்தது 49, அதை நினைத்துப் பாருங்கள். 95 சென்டிமீட்டருக்கு வடிகால் கட்டுகிறேன் என்று யாராவது கிளம்பினால் கஜானா காலியாகும், ஊரே வடிகாலாகிவிடும்.

ஆனால் வடிகால் தோற்றுப்போனால் அடுத்து என்ன என்பதும் திட்டம்தானே? ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருக்கிறதா மாடியில் இருக்கிறதா, துணை மின்நிலையம் பள்ளத்தில் இருக்கிறதா, குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடையும் என்றால் முதலில் யாரை வெளியேற்றுவது. அந்த வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ஒரு ரயிலே மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வங்கதேசத்தில் 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் செத்தார்கள். 2020-ல் ஆம்பன் வந்தபோது அங்கே இறந்தவர்கள் சில பத்துப் பேர். இரண்டு புயலையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான், ஆனாலும் நடுவில் நடந்தது என்ன? கடலோரம் நெடுகப் புயல் கூடங்கள் கட்டினார்கள், மெகாபோனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகத் தன்னார்வலர்களைப் பழக்கினார்கள். அந்தக் கூடங்கள் பல மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாக நடக்கின்றன, அதனால் பூட்டிக் கிடந்து பாழாவதில்லை.

மஞ்சப்பை எடுத்துக்கொண்டு போனால் காலநிலையைக் காப்பாற்றிவிடலாமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

சாக்கடை அடைப்பைக் கொஞ்சம் குறைக்கலாம். மஞ்சப்பையை அதற்கு மேல் தொந்தரவு செய்யாதீர்கள்.

என் கணவர் கட்டட வேலை பார்க்கிறார். வெயிலையும் பேரிடராக அறிவித்துவிட்டார்கள் என்று டி.வி.யில் பார்த்தேன். எங்களுக்கு அதனால் என்ன?
– வாசகி, திருப்பூர்

அம்மா, நீங்கள் பார்த்தது சரிதான். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் உண்டு, தண்ணீர்ப் பந்தல், உப்புச்சர்க்கரைக் கரைசல் போன்றவற்றுக்குப் பேரிடர் நிதியிலிருந்து எடுக்கலாம். நல்ல முடிவு. சிக்கல் எங்கே என்றால், சாரத்தில் மயங்கி விழுந்து இறந்தவருக்கு "மாரடைப்பு" என்று சான்றிதழ் எழுதிவிட்டால் கதை முடிந்தது. காரணம் வெப்பம் என்று பதிவாக வேண்டும், மருத்துவர்களை அதற்குப் பழக்க வேண்டும்.

இறந்த பிறகு கொடுப்பது கிடக்கட்டும், உங்கள் கணவருக்கு வேண்டியது மதியம் 12-லிருந்து 3 வரை நிழல். அதைத் தருவது யார்? மேஸ்திரி தரமாட்டார், அவரைக் கான்ட்ராக்டர் விரட்டுகிறார். கான்ட்ராக்டரை டெண்டர் விரட்டுகிறது, குறித்த தேதிக்கு முடிக்காவிட்டால் அபராதம். அரசு கட்டுகிற கட்டடங்களிலாவது சித்திரை, வைகாசியில் மதிய இடைவேளை கட்டாயம், அதற்கான நாட்கள் தாமதக் கணக்கில் வராது என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். செலவில்லாத வரி. அகமதாபாத் 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கூடுதலாக இழந்தது, 2013-ல் நாட்டிலேயே முன்னோடியான வெப்பச் செயல் திட்டத்தைப் போட்டது. அதில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் கிடையாது. முந்தின நாளே எச்சரிக்கை, ஆஸ்பத்திரியில் ஐஸ், குடிநீர், யார் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல். பட்டியலில் பெயர் இருந்தால் மனிதர்கள் வேலை செய்கிறார்கள்.

காலநிலைத் திட்டம் வைத்திருக்கிற அதே அரசுதான் சதுப்பு நிலத்திலும் கட்டடம் வர விடுகிறது. இது என்ன நியாயம்?
– வாசகர், வேளச்சேரி

வேளச்சேரியில் இருந்துகொண்டு இதைக் கேட்க உங்களுக்கு முழுத் தகுதி உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் இருந்ததில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு சிறு பங்குதான். மிச்சத்துக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற பட்டம், வாங்கினோம். அதிலேயே பெருங்குடிக் குப்பைமேட்டையும் பல வருஷமாக வைத்திருந்தோம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சென்னைக்கு 2023-ல் ஒரு காலநிலைச் செயல் திட்டம் வெளியானது, 2050-க்குள் கார்பன் சமநிலை, அதாவது வெளியே விடுகிற கார்பனும் திரும்ப உறிஞ்சப்படுகிற கார்பனும் சமமாவது, என்று இலக்கு. படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் உங்கள் பக்கத்து மனையில் என்ன கட்டலாம் என்று சொல்வது மாஸ்டர் பிளான். சட்ட பலம் அதற்குத்தான், சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் குடியிருப்பு, தொழில், விவசாயம் என்று அது எழுதியதுதான் சட்டம். காலநிலைத் திட்டத்தை மீறினால் யார் மேலும் வழக்குப் போட முடியாது. இரண்டாவது மாஸ்டர் பிளானின் காலம் 2026-ஓடு, மூன்றாவது அதற்கு அடுத்த இருபது வருஷத்துக்கு. வெள்ளம் தேங்கும் இடங்களின் வரைபடம் அந்த மூன்றாவதில் நிறம் தீட்டி, சர்வே எண்ணோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் மற்ற அறிக்கைகளை வடைக்கு எண்ணெய் ஒற்றப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சட்டமாகவே போட்டுவிட்டால் நடந்துவிடுமா?
– வழக்கறிஞர், மதுரை

உங்களுக்கே தெரியும். 2003-ல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தபோது, மாமூலாக எதற்கும் அசையாத தெருக்கள்கூட அசைந்தன. கட்டட விதியில் ஏறியதால் இன்றைக்கும் புது வீட்டு பிளானில் அது இருக்கிறது. கூடவே, மொட்டைமாடியிலிருந்து ஒரு பி.வி.சி. பைப்பை இறக்கி, மண்ணில் ஒரு முழம் செருகிவிட்டு, அதிகாரி பார்த்துவிட்டுப் போனதும் மறந்துபோன வீடுகளும் ஏராளம். ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி இருக்கிறதா என்று திறந்து பார்க்க ஆள் போடவில்லை. பாதி வெற்றி. அந்தப் பாதியே பெரிசு என்பது என் கட்சி.

காலநிலை நடவடிக்கை என்றாலே அரசுக்குச் செலவுதானா? வெளிநாட்டில் பணத்துக்கு என்ன செய்கிறார்கள்?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

நார்வேயின் ஆஸ்லோ மாநகராட்சி 2017-லிருந்து காலநிலை பட்ஜெட் போடுகிறது. எந்த வேலையால் எவ்வளவு புகை குறையும், பொறுப்பு எந்தத் துறை என்று பண பட்ஜெட்டோடு சேர்த்தே அச்சாகிறது. எனக்குப் பிடித்தது, அதைச் சுற்றுச்சூழல் துறையிடம் விடாமல் நிதித் துறையிடம் கொடுத்ததுதான். நிதித் துறை கேட்டால் எல்லாத் துறையும் பதில் சொல்லும், இது உலகப் பொது. நம் நாட்டில் மும்பை மாநகராட்சி 2024-ல் இந்த வேலையைத் தொடங்கியது. ஏற்கெனவே செய்கிற வேலைக்கெல்லாம் பச்சை முத்திரை குத்திக் கணக்குக் காட்டுகிற ஆபத்து இதில் எப்போதும் உண்டு, வங்கிக்காரரான உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், பெயரில் காலநிலை இல்லாத காலநிலைத் திட்டங்களும் உண்டு. 2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம். பஸ்ஸைவிட்டு யாரும் ஸ்கூட்டிக்குப் போகாமல் தடுக்கிற வேலையை எந்தப் பசுமை விளம்பரமும் அந்த அளவுக்குச் செய்திருக்காது.

நான் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கிறேன். கிராம சபையில் இதையெல்லாம் பேசினால் சிரிக்கமாட்டார்களா?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

காலநிலை என்று ஆரம்பித்தால் சிரிப்பார்கள். கலுங்கு என்று ஆரம்பியுங்கள். "நம்ம ஏரிக் கலுங்கு உடைஞ்சு கிடக்கு, வரத்து வாய்க்கால் இந்த சர்வே நம்பர்ல மூடியிருக்கு" என்று சொன்னால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள், இரண்டு பேர் முறைக்கலாம். வருஷத்துக்கு ஆறு கிராம சபை, அதில் அக்டோபர் 2-ஐ விடாதீர்கள், அடுத்த வருஷத்து ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கான பேச்சு அதையொட்டித்தான் தொடங்கும். சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள், செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கே என்பார்கள். மத்திய வரிப்பணத்தைப் பங்கு பிரித்துச் சொல்கிற 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கியது, மழைநீர் சேகரிப்பும் அதில் அடக்கம். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி இன்னும் ஒரு படி மேலே போய், 2006-லேயே கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. தன் தேவைக்குப் போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றது. அந்தக் காலத்தில் அவர்கள் யாரும் காலநிலை என்ற வார்த்தையைச் சொல்லி வாங்கியதாகத் தெரியவில்லை, கரன்ட் பில் கட்டி மாளவில்லை என்றுதான் வாங்கினார்கள்.

எல்லோருக்கும் வழி சொல்கிறீர்களே, அந்த இரண்டு குழாய்க்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? (இதை எழுதிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்துப் படித்த என் மனைவியின் கேள்வி)

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். அந்தக் குழாயின் அளவு எந்த மழைக் கணக்கின்படி முடிவு செய்யப்பட்டது? இருபத்தெட்டாவது நாள் பதில் வந்தது: "கோரிய தகவல் இவ்வலுவலகக் கோப்பில் இல்லை." மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.