விளம்பர ஆபீஸும் நகைச்சுவை நாவலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னையில் ஒரு விளம்பர ஏஜென்சியில் கிளையன்ட் சர்வீஸிங், அதாவது விளம்பரம் கேட்டு வரும் நிறுவனங்களோடு பேசிச் சமாளிக்கும் வேலையில் இருக்கிறேன். விளம்பரத் துறையிலிருந்து வந்த ஆங்கில நாவலாசிரியர் அனுஜா சௌஹான் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எங்கள் ஆபீஸை வைத்து ஒரு நகைச்சுவை நாவல் எழுத ஆசை. உட்கார்ந்தால் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. லோகோவைப் பெரிதாக்கச் சொல்லி நள்ளிரவில் வாட்ஸப் அனுப்பும் கிளையன்ட், அதற்குத் தலையாட்டும் மேனேஜர் என்று எல்லாரையும் திட்டித் தீர்க்கிறேன். வேலையை விட்டுவிட்டு எழுதினால் சரியாக வருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேலையை விடாதீர்கள். 2008இல் ‘தி சோயா ஃபேக்டர்’ நாவல் வெளிவந்தபோது அனுஜா ஜே.டபிள்யூ.டி. ஏஜென்சியில்தான் இருந்தார், 2010இல்தான் விலகினார். பெப்சிக்கு ‘யே தில் மாங்கே மோர்’ என்ற விளம்பர வாசகம் எழுதியவர். அவருடைய நாயகி சோயாவும் உங்களைப் போல கிளையன்ட் சர்வீஸிங்தான். 1983 உலகக் கோப்பையை இந்தியா வென்ற நொடியில் பிறந்தவள். விளம்பர வேலையாக கிரிக்கெட் அணியிடம் போகிறாள், அவளோடு காலை உணவு சாப்பிட்டால் ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கை அணியில் பரவுகிறது. அப்புறம் ஊரே அவளை ராசிக்காரி என்று கொண்டாடுகிறது. அடுத்தவர் பொருளை விற்றுக்கொண்டிருந்தவளே விலைபோகும் பிராண்டாகிறாள். அந்தத் தொழிலுக்குள் இருந்து பார்த்தவருக்குத்தான் இப்படி ஒரு கதை தோன்றும்.

உங்கள் எரிச்சலில் தப்பில்லை. பிரெஞ்சில் பெக்பெதே விளம்பரத் தொழில் மீதான கோபத்தை வைத்தே ‘99 ஃபிராங்க்’ நாவலை எழுதினார், அவர் ஏஜென்சி வேலையும் போயிற்று. அது வேறு ரகம். நீங்கள் எழுத நினைப்பது போன்ற நாவலுக்கு டோரதி சேயர்ஸைப் படியுங்கள். லண்டனில் எஸ்.எச். பென்சன் ஏஜென்சியில் 1922இல் சேர்ந்து சுமார் ஒன்பது வருடம் காப்பிரைட்டராக, அதாவது விளம்பர வாசகம் எழுதுபவராக இருந்தவர். 1933இல் வந்த ‘மர்டர் மஸ்ட் அட்வர்டைஸ்’ துப்பறியும் கதைதான், ஆனால் நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதன் ஆபீஸ் பக்கங்களை.

அதில் நியூட்ராக்ஸ் என்று ஒரு நரம்பு டானிக். வேலை நேரம் முடிந்த பிறகு பத்திரிகையிலிருந்து போன் வருகிறது: தலைப்பையும் படத்தையும் சேர்த்துப் பார்த்தால் விரசமாக அர்த்தம் வருகிறது, மாற்றுங்கள். பொறுப்பாளர்கள் யாரும் இல்லை. மிச்சமிருந்த ஒரு வயதான காப்பிரைட்டர் தானே வேறு தலைப்பு போட்டு அனுப்பிவிடுகிறார். ஆபத்துக்கு உதவியதற்குப் பாராட்டு கிடைக்கும் என்று நம்புகிறார். கிடைப்பது பெரிய சண்டை. ஒரு தலைப்புக்கு இவ்வளவு ரகளையா என்று நாம் சிரித்துக்கொண்டே படிக்கிறோம். கொலை மர்மத்தின் முடிச்சே அந்தச் சண்டைக்குள் இருக்கிறது. இன்னும் படிக்காதவர்களுக்காக இதற்கு மேல் சொல்லவில்லை.

கவனியுங்கள், அந்தப் பெரியவரை சேயர்ஸ் முட்டாளாக்கவில்லை. அவருக்கு அவர் செய்தது கடமை. உங்கள் நள்ளிரவு கிளையன்டை அப்படிப் பாருங்கள். அவர் ஏன் தூங்காமல் லோகோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்? காலையில் யார் முன்னால் போய் நிற்க வேண்டும்? மேனேஜர் தலையாட்டுவது எந்தக் கிளையன்ட் கைவிட்டுப் போன பயத்தில்? இதெல்லாம் தெரிந்தால் அதே வாட்ஸப் செய்தியை ஒரு வார்த்தை மாற்றாமல் போடலாம், சிரிப்பு தானாக வரும். தெரியாதவரை நீங்கள் எழுதுவது புகார் மனுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. இப்போது கையிலிருக்கும் பிராண்டையே பெயர் மாற்றி வைக்காதீர்கள், உங்கள் மனஸ்தாபமெல்லாம் கூடவே வந்துவிடும். புதிதாக ஒரு பொருளை உண்டாக்குங்கள். சேயர்ஸுக்கு நியூட்ராக்ஸ், அனுஜாவுக்கு ஜிங் கோலா. அதற்கு ப்ரீஃப் (விளம்பரம் என்ன சொல்ல வேண்டும் என்ற குறிப்பு), தலைப்பு, ரேடியோ விளம்பரம் எல்லாம் நீங்களே எழுதுங்கள், வேலைக்கு எழுதுவது போல நன்றாகவே எழுதுங்கள். மட்டமான விளம்பரத்தை எழுதிக் கேலி செய்தால், அதற்காக அந்த ஆபீஸில் ஒருவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள்.